ஜப்பானிய பாஸ்போர்ட்டுக்கு எஸ்டா, ஈடிஏ போடும்போது மாட்டிக்கொண்டால் எங்கே பார்ப்பது

நான் வேலை பார்ப்பது டோக்கியோவில், நிஷிகசாய் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு சின்ன டிராவல் ஆபீசில். வருகிறவர்களில் பெரும்பாலோர் ஜப்பானியர்கள். மிச்சம் பேர் இந்தப் பகுதியில் குடியிருக்கும் நம்மவர்கள். அவர்களில் சிலருக்கு மனைவி ஜப்பானியர், சிலருக்குக் கணவர். ஏப்ரல் கடைசியில் கோல்டன் வீக், ஆகஸ்ட் நடுவில் ஓபோன், பிறகு ஆண்டுக் கடைசி விடுமுறை என்று மூன்று சீசன் உண்டு. அந்த நாட்களில் எங்கள் போன் ஓயாமல் அடிப்பதற்குக் காரணம் பெரும்பாலும் டிக்கெட்டாக இருக்காது. "எஸ்டா போட்டேன், சிவப்பு எழுத்தில் ஏதோ வருகிறது" என்பதாகத்தான் இருக்கும்.

ஜப்பானிய பாஸ்போர்ட் வைத்திருப்பவர் சுற்றுலாவாக அமெரிக்காவுக்குப் போக 90 நாள் வரை விசா வேண்டாம். 1988-லிருந்து அப்படித்தான். ஆனால் 2009 ஜனவரி 12 முதல், விமானம் ஏறுவதற்கு முன்பே இணையத்தில் எஸ்டா அனுமதி வாங்கியிருக்க வேண்டும். கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரிட்டன் எல்லாவற்றிலும் இப்போது இதே ஏற்பாடு; அங்கே அந்த அனுமதியை ஈடிஏ என்பார்கள். "விசா வேண்டாம்" என்று காதில் விழுந்ததும் "எதுவுமே வேண்டாம்" என்று நினைத்துவிடுகிறார்கள். மாமியாரின் ஹவாய் பயணத்துக்கோ, ஆபீஸ் மேனேஜரின் சிட்னி பயணத்துக்கோ ஃபாரம் நிரப்பித் தரும் வேலை உங்கள் தலையில் விழுந்திருந்தால் இது உங்களுக்காக எழுதியது.

எந்தச் சிக்கலாக இருந்தாலும் முதலில் பாஸ்போர்ட்டைத் திறந்து போட்டோ பக்கத்தின் அடியைப் பாருங்கள். கோணல் குறிகளோடு இரண்டு வரி இருக்கும், ஒவ்வொன்றிலும் 44 எழுத்து. விமான நிறுவனத்தின் கணினியும் குடிவரவுத் துறையின் கணினியும் படிப்பது அந்த இரண்டு வரியைத்தான். மேலே அழகாக அச்சிட்டிருப்பது மனிதக் கண்ணுக்கு. ஃபாரத்தில் நீங்கள் அடிக்கும் பெயர், எண், தேதி மூன்றும் அடிவரியோடு ஒத்துப்போக வேண்டும். நான் பார்த்த சிக்கல்களில் பாதிக்குமேல் இந்த ஒத்துப்போகாமையிலிருந்து கிளம்பியவை.

பெட்டியில் சரியாகத்தான் அடிக்கிறேன், "தவறான எழுத்து" என்கிறது

இது ஜப்பானியக் கீபோர்டின் வேலை. ஜப்பானியக் கணினியில் ஒரே ஆங்கில எழுத்துக்கு இரண்டு வடிவம் உண்டு. 'ஹன்காகு' என்பது அரை அகலம், 'ஸென்காகு' என்பது முழு அகலம். திரையில் பார்த்தால் முழு அகல எழுத்து கொஞ்சம் தள்ளித் தள்ளி, நடுவே காற்றோட்டம் விட்டது போல நிற்கும். கண்ணுக்கு அது 'ஏ'தான். கணினிக்கு அது வேறொரு எழுத்து. வெளிநாட்டு அரசுத் தளங்கள் அதை ஏற்காது.

விண்டோஸ் கீபோர்டு என்றால் இடது மேல் மூலையில் எஸ்கேப் பொத்தானுக்குக் கீழே ஹன்காகு-ஸென்காகு பொத்தான் இருக்கும்; ஒருமுறை அழுத்திவிட்டு, அடித்ததை அழித்துப் புதிதாக அடியுங்கள். மேக் என்றால் ஸ்பேஸ் பாருக்கு இடப்பக்கம் உள்ள 'எய்சூ' பொத்தான். போனில் ஆங்கிலக் கீபோர்டுக்கு மாற்றிக்கொண்டால் போதும்.

முகவரிப் பெட்டி மட்டும் அடம் பிடித்தால் கோடுகளைப் பாருங்கள். ஜப்பானிய முகவரியில் 3-5-12 என்று எண்கள் வரும். ஜப்பானிய மோடில் அந்த நடுக்கோட்டை அடித்தால் பல நேரம் விழுவது கத்தகானா என்ற ஜப்பானிய எழுத்து வரிசையின் நெடில் குறி. அச்சு அசலாக ஹைஃபன் மாதிரியே இருக்கும். ஒரு நாள் அரைமணி நேரம் ஒரு பெரியவரின் முகவரியோடு போராடிவிட்டுத்தான் இதைக் கண்டுபிடித்தேன். அன்றிலிருந்து முகவரியை நோட்பேடில் ஒருமுறை அடித்து வைத்துக்கொண்டு அங்கிருந்துதான் ஒட்டுகிறேன்.

தொலைபேசி எண்ணில் நாட்டுக் குறியீடு 81 போட்டபின் முன்னால் உள்ள பூஜ்யத்தை விட்டுவிட வேண்டும். 090 என்று தொடங்கும் எண் 81-90 என்று ஆகும்.

பாஸ்போர்ட் எண் தவறு என்கிறது

ஜப்பானிய பாஸ்போர்ட் எண் இரண்டு எழுத்தும் ஏழு இலக்கமும் சேர்ந்து ஒன்பது. அடிவரியைப் பார்த்துப் பார்த்து அடிப்பவர்கள் பத்தாவதாக ஒன்றைச் சேர்த்துவிடுகிறார்கள். அது சரிபார்ப்பு இலக்கம், பாஸ்போர்ட் எண்ணில் சேராது. அதோடு, மூன்றாவது இடத்திலிருந்து எல்லாமே இலக்கம்தான் என்பதால் அங்கே வட்டமாக எது வந்தாலும் அது பூஜ்யம், 'ஓ' என்ற எழுத்து இல்லை.

பணம் கட்டுவதற்கு முன் கண்டுபிடித்தால் திருத்தலாம். பணம் கட்டி அனுப்பிய பிறகு எஸ்டாவில் பாஸ்போர்ட் எண்ணைத் திருத்த வழியில்லை. புதிய விண்ணப்பம், புதிய கட்டணம். ஆகவே கடைசிப் பக்கத்தில் எண்ணை இருவர் பாருங்கள். ஒருவர் பாஸ்போர்ட்டைப் பார்த்து வாய்விட்டுப் படிக்க, மற்றவர் திரையில் விரல் வைத்துக்கொண்டே போக வேண்டும். எங்கள் ஆபீசில் இதை யாரும் தவிர்ப்பதில்லை.

பெயர் ஒத்துப்போகவில்லை

இங்கேதான் ஆழமான சிக்கல்கள். தமிழ் தெரிந்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும்.

ஜப்பானிய மொழியில் குறில், நெடில் உண்டு. 'ஒனோ' என்பது ஒரு குடும்பப் பெயர், 'ஓனோ' என்பது வேறொன்று. தமிழில் எழுதினால் வித்தியாசம் தெரிகிறது. பாஸ்போர்ட்டின் ஆங்கில எழுத்தில் நெடில் குறி கிடையாது. இரண்டுமே ஓ-என்-ஓ என்றுதான் விழும். நெடில் உள்ளவர் கேட்டு வாங்கினால் நடுவே ஒரு 'எச்' சேர்த்துக் கொடுப்பார்கள். இப்போது பாருங்கள்: கிரெடிட் கார்டில் 'எச்' இருக்கிறது, விமான நிறுவனத்தின் மைலேஜ் கணக்கில் 'யூ' போட்டிருக்கிறார், பாஸ்போர்ட்டில் இரண்டும் இல்லை. மூன்றில் எது சரி என்று அவரைக் கேட்டால் தன் பெயரை எப்படி உச்சரிப்பது என்று சொல்வார். உச்சரிப்பு இங்கே உதவாது. அடிவரியில் என்ன இருக்கிறதோ அது.

இன்னொன்று புணர்ச்சி. 'மரம்' என்பது 'கள்' சேர்ந்ததும் 'மரங்கள்' ஆவது போல, ஜப்பானிய 'ன்' சத்தம் ப, ம வரிசைக்கு முன்னால் ('பம்பரம்' என்பதில் வரும் இரண்டு வகை 'ப'வும் சேர்த்தி) 'ம்' ஆகிறது. பாஸ்போர்ட் எழுத்து முறை அந்த உச்சரிப்பைப் பின்பற்றுகிறது. ஹொன்மா என்று தன் பெயரைக் கீபோர்டில் அடித்துப் பழகியவருக்கு பாஸ்போர்ட்டில் 'எம்' இரண்டாக நிற்கும். விமான டிக்கெட் மைலேஜ் கணக்கிலிருந்து தானாக எடுத்த பெயரில் 'என்-எம்' என்று வந்திருக்கும். எஸ்டா பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போகிறது, டிக்கெட் ஒத்துப்போகவில்லை. அப்போது திருத்த வேண்டியது டிக்கெட்டை. அந்த அவசரத்தில் டிக்கெட்டைப் பார்த்து எஸ்டாவை மாற்றிவிடாதீர்கள்.

இனி நம் வீட்டுக் கதை. ஜப்பானியப் பெண் ஒருவர் தமிழரை மணந்தால், பாஸ்போர்ட்டில் தன் குடும்பப் பெயருக்குப் பக்கத்தில் கணவரின் பெயரை அடைப்புக்குறிக்குள் சேர்த்து வாங்கலாம். குழந்தைகளுக்கும் அப்படியே. அம்மாவின் பெயரில் குடும்பப் பதிவேடு, அப்பாவின் பெயர் அடைப்புக்குறிக்குள். குழந்தைக்கு இரண்டு பக்கமும் சொந்தம் என்று ஒரு தாளில் தெரிகிறதே என்று ஆசையாக வாங்கி வருவார்கள். அந்த ஆசை நியாயமானது. ஆனால் அடைப்புக்குறிக்குள் உள்ள பெயர் போட்டோ பக்கத்தின் மேல்பகுதியில் மட்டும்தான் அச்சாகிறது. அடிவரியிலும் இல்லை, சிப்பிலும் இல்லை. ஆகவே எஸ்டாவின் குடும்பப் பெயர்ப் பெட்டியில் அதைப் போடக் கூடாது. "வேறு பெயர் உண்டா" என்று பின்னால் ஒரு கேள்வி வரும், அங்கே போடுங்கள். டிக்கெட்டும் அடைப்புக்குறி இல்லாத பெயரிலேயே இருக்கட்டும்.

அதே ஃபாரத்தில் பெற்றோர் பெயர் கேட்கும் இடத்தில், அப்பா தமிழர் என்றால் குடும்பப் பெயர் என்று ஒன்று இருக்காது. பெட்டியைக் காலியாக விட்டால் நகராது. 'தெரியாது' என்பதற்கான ஆங்கிலச் சொல்லை அங்கே அடித்துவிட்டு, உள்ள ஒற்றைப் பெயரை மற்றப் பெட்டியில் போடுங்கள். இனிஷியலை விரித்துத் தாத்தா பெயரைக் குடும்பப் பெயராக்கி ஒரு புதுப் பெயரைப் படைக்க வேண்டாம்.

புதுமணத் தம்பதிகள் தனி ரகம். இருவருமே ஜப்பானியர் என்றால், ஜப்பானியச் சட்டப்படி கணவன் மனைவி இருவருக்கும் ஒரே குடும்பப் பெயர் இருக்க வேண்டும். பெரும்பாலும் மனைவிதான் மாற்றிக்கொள்கிறார். தேனிலவு ஹவாயில். டிக்கெட்டைப் புதுப்பெயரில் ஆசையோடு எடுத்துவிட்டு, பழைய பெயருள்ள பாஸ்போர்ட்டைக் கொண்டு வந்து நிற்பார்கள். பழைய பெயர் என்றால் பாஸ்போர்ட், எஸ்டா, டிக்கெட் மூன்றும் பழைய பெயர். புதுப் பெயர் என்றால் மூன்றும் புதுப் பெயர். பெயர் மாற்றினால் பாஸ்போர்ட் புத்தகமும் எண்ணும் புதிதாகும், 2025 மார்ச்சில் வந்த புது வகைப் பாஸ்போர்ட் கைக்கு வர இரண்டு வாரம் ஆகிறது. பயணம் மூன்று வாரத்துக்குள் என்றால் பழைய பெயரிலேயே போய்விட்டு வாருங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

பிறந்த தேதி, பிறந்த ஊர்

வயதானவர்களுக்குத் தாங்கள் பிறந்த ஆண்டு ஷோவா என்ற பேரரசர் ஆட்சிக் காலக் கணக்கில்தான் நாக்கில் வரும். ஷோவாவோடு 1925 கூட்டுங்கள். ஷோவா 45 என்றால் 1970. ஹெய்செய் என்றால் 1988, ரெய்வா என்றால் 2018. ஒரு வருடம் முன்னே பின்னே போய்விடும் தவறு இங்கே சாதாரணம். பாஸ்போர்ட்டில் பொது ஆண்டுக் கணக்கிலேயே அச்சாகியிருக்கிறது, அதைப் பார்த்து அடித்தால் கணக்கே வேண்டாம்.

பிறந்த ஊர் விஷயம் கொஞ்சம் நுட்பம். ஜப்பானிய பாஸ்போர்ட்டில் பிறந்த ஊர் கிடையாது. ஊர் மாதிரி ஒரு பெயர் இருக்கும். அது 'ஹொன்செக்கி', அதாவது குடும்பப் பதிவேடு எந்த மாகாணத்தில் இருக்கிறது என்பது. ஒஸாகாவில் பிறந்தவருக்கு அங்கே ஹொக்கைடோ என்று இருக்கலாம். எஸ்டா கேட்பது பிறந்த நகரம். பாஸ்போர்ட்டைப் பார்த்து அடிக்கும் பழக்கத்தில் ஹொன்செக்கியைப் போட்டுவிடாதீர்கள். இந்த ஒன்றை மட்டும் ஆளைக் கேட்டுத்தான் எழுத வேண்டும்.

தேசிய அடையாள எண் என்று ஏதாவது பெட்டி வந்தால் 'மை நம்பர்' அட்டையை எடுத்து அடித்துவிட வேண்டாம். அது வரி, சமூகப் பாதுகாப்பு மாதிரியான உள்நாட்டு வேலைகளுக்கான எண். வெளிநாட்டு ஃபாரத்தில் எழுதுவதற்கு இல்லை.

சரிபார்ப்புக் குறியீடு மின்னஞ்சலுக்கு வரவே இல்லை

முகவரி போன் கம்பெனி கொடுத்ததா என்று பாருங்கள். ஜப்பானில் வயதானவர்கள் இன்னமும் போன் கம்பெனியின் மின்னஞ்சலைத்தான் வைத்திருக்கிறார்கள். அதில் 'மெய்வாக்கு மெயில்', அதாவது வேண்டாத மெயிலுக்கான தடுப்பு இறுக்கமாகப் போட்டிருக்கும். வெளிநாட்டிலிருந்து வருவது குப்பைப் பெட்டிக்குக்கூடப் போகாது, வாசலிலேயே நின்றுவிடும். அந்த அமைப்பைத் தளர்த்துவதைவிட ஒரு ஜிமெயில் கணக்கு கொடுப்பது சுலபம். ஆனால் அந்தக் கணக்கு பயணம் போகிறவரின் போனில் திறக்கிற மாதிரி இருக்க வேண்டும். பிரிட்டனும் கனடாவும் முடிவை மின்னஞ்சலில்தான் சொல்கின்றன. மருமகனுடைய ஆபீஸ் மின்னஞ்சலுக்கு வந்து, அவர் கூட்டத்தில் இருந்து பார்க்காமல் விட்டதும் நடந்திருக்கிறது.

ஆஸ்திரேலிய ஆப், பாஸ்போர்ட் சிப்பைப் படிக்க மாட்டேன் என்கிறது

ஆஸ்திரேலிய ஈடிஏ முழுக்க முழுக்க ஆப் வழியாகத்தான். பாஸ்போர்ட் பக்கத்தைக் கேமராவில் காட்ட வேண்டும், சிப்பின் மேல் போனை வைத்துப் படிக்க வேண்டும், முகத்தையும் அங்கேயே எடுக்க வேண்டும். பலரும் போட்டோ பக்கத்தின் மேல் போனை வைத்துத் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். 2006-லிருந்து 2025 தொடக்கம் வரை கொடுத்த ஜப்பானிய பாஸ்போர்ட்டில் சிப் இருப்பது புத்தகத்தின் நடுவில். அட்டை மாதிரி தடித்த ஒரு தாள், வளைக்காதீர்கள் என்று எச்சரிக்கை போட்டிருக்கும். அந்தத் தாளைத் திறந்து, மேசையில் தட்டையாக வைத்து, போனை அதன் மேல் அசைக்காமல் வையுங்கள். ஐபோன் என்றால் மேல்விளிம்பு படவேண்டும். ஆண்ட்ராய்டில் பெரும்பாலும் முதுகின் நடுப்பகுதி. கவரைக் கழற்றிவிடுங்கள். பாஸ்போர்ட் உறையையும் கழற்றுங்கள். இரும்பு மேசை வேண்டாம், மர மேசை நல்லது. 2025-க்குப் பிறகு வாங்கிய, பிளாஸ்டிக் போட்டோ பக்கம் உள்ள புத்தகமாக இருந்தால் அந்தப் பக்கத்திலிருந்தே தொடங்கிப் பாருங்கள்.

ஒரு தடவை ஒரு பாட்டிக்கு இதைச் செய்துகொண்டிருந்தேன். சிட்னியில் பேத்திக்குப் பிரசவம். நாலு முறை தோல்வி. ஐந்தாவது முறை போனின் விளிம்பைத் தாளின் மேல் வைத்து, இருவரும் மூச்சைப் பிடித்தபடி பச்சைக் கோடு மெல்ல நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கோடு முடிந்து டிக் விழுந்ததும் பாட்டி போனைப் பார்த்து இடுப்பு வளைய வணங்கினார். அதற்குப் பிறகு முகம் எடுக்க வேண்டும். கண்ணாடியைக் கழற்றச் சொன்னேன், தொப்பியை எடுக்கச் சொன்னேன், ஜன்னல் பக்கம் திருப்பி உட்கார வைத்தேன். முகத்தில் பாதி நிழல் இருந்தால் ஏற்காது.

கார்டு போகவில்லை

வெளிநாட்டுப் பரிவர்த்தனை என்று வங்கி நிறுத்தியிருக்கும், அல்லது ஒருமுறைக் கடவுச்சொல் பதிவு செய்திருக்க மாட்டார். கார்டு பயணியின் பெயரிலேயே இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை, பிள்ளையின் கார்டில் கட்டலாம். எஸ்டாவில் ஜப்பானின் ஜேசிபி கார்டும் செல்லும். பணம் கட்டும் பக்கத்தில் நின்றுபோனால் பதறி மறுபடி புதிதாக நிரப்ப வேண்டாம். விண்ணப்ப எண்ணை வைத்துத் திரும்ப உள்ளே போய்க் கட்டலாம். ஏழு நாள் அவகாசம் உண்டு. விண்ணப்ப எண்ணைத் தொலைத்துவிட்டால் பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் விவரம் கொடுத்து எடுத்துவிடலாம்.

கார்டு போய்விட்டது, ஆனால் தொகை மிக அதிகம்

அப்படியென்றால் நீங்கள் கட்டியது அரசுக்கு இல்லை. ஜப்பானிய மொழியில் 'எஸ்டா விண்ணப்பம்' என்று தேடினால் மேலே வரிசையாக விளம்பரங்கள் வரும். கொடி, கழுகு, நீலப் பட்டை எல்லாம் வைத்து அரசுத் தளம் மாதிரியே இருக்கும். இடைத்தரகர்கள் அதில் நீங்கள் நிரப்பியதை எடுத்து உண்மையான தளத்தில் நிரப்பிவிட்டு, மேலே தங்கள் பங்கையும் சேர்த்து வாங்குகிறார்கள். அமெரிக்க அரசுத் தளத்தின் முகவரி 'டாட் காவ்' என்று முடியும். அதைத் தவிர வேறெப்படி முடிந்தாலும் வெளியே வந்துவிடுங்கள். எஸ்டாவின் அரசுத் தளத்திலேயே ஜப்பானிய மொழி உண்டு. ஆங்கிலம் தெரியவில்லை என்பதற்காகத் தரகரிடம் போகத் தேவையில்லை.

சரியான கட்டணம் தெரிந்திருந்தால் யாரும் ஏமாற்ற முடியாது. எஸ்டா 2025 செப்டம்பர் 30 முதல் 21 டாலரிலிருந்து 40 டாலராக ஏறியது, 2026 ஜனவரியில் 40.27 ஆனது, இரண்டு ஆண்டு செல்லும். கனடா ஈடிஏ 7 கனடிய டாலர், ஐந்து ஆண்டு. ஆஸ்திரேலியா 20 ஆஸ்திரேலிய டாலர், ஓராண்டு. பிரிட்டன் 2025 ஜனவரி 8 அன்று ஜப்பானியருக்குத் தொடங்கியபோது 10 பவுண்டு, அந்த ஆண்டு ஏப்ரலில் 16 ஆக்கினார்கள், பிறகு 20 ஆக ஏற்றவும் முடிவு செய்தார்கள், இரண்டு ஆண்டு. நியூசிலாந்து ஆப்பில் 17, தளத்தில் 23 நியூசிலாந்து டாலர். அதோடு சுற்றுலா வரி 100 சேரும், அதைப் பார்த்துத் தரகு என்று பயப்பட வேண்டாம். எதுவாக இருந்தாலும் பாஸ்போர்ட் காலாவதியானால் அன்றோடு முடிந்தது.

தரகரிடம் கட்டிவிட்டவர்கள் வெட்கப்பட்டு வெளியே சொல்வதில்லை. சொல்லுங்கள். ஜப்பானில் நுகர்வோர் உதவி எண் 188. கார்டு கம்பெனிக்கும் உடனே போன் செய்யுங்கள். முக்கியமாக, அவர்கள் உண்மையிலேயே விண்ணப்பித்தார்களா என்பதை அரசுத் தளத்தில் பாஸ்போர்ட் எண் போட்டுப் பாருங்கள். பணமும் போய் அனுமதியும் இல்லாமல் நிற்பதுதான் இதில் பெரிய ஆபத்து.

"நிலுவையில்" என்று நிற்கிறது

காத்திருங்கள். எஸ்டாவில் 72 மணி நேரத்துக்குள் முடிவு வரும். பிரிட்டன் மூன்று வேலை நாள் என்கிறது. இரண்டாவது விண்ணப்பம் போட்டால் வேகமாகாது, குழப்பம்தான் கூடும். பயணத்துக்கு முந்தைய இரவு போடுகிறவர்களுக்கு இந்தச் சொல் தரும் வேதனையை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். டிக்கெட் எடுத்த அன்றே இதையும் போடச் சொல்வது அதனால்தான்.

மறுத்துவிட்டார்கள்

முதலில் கேளுங்கள்: கியூபா போனீர்களா? 2021 ஜனவரி 12 அன்றோ அதற்குப் பிறகோ கியூபாவில் இருந்தவர் எஸ்டா வழியில் அமெரிக்கா போக முடியாது. பழைய கார்களையும் இசையையும் பார்க்கப் போன சாதாரண சுற்றுலாப் பயணிக்கும் இது பொருந்தும். இரான், இராக், சிரியா, சூடான், லிபியா, சோமாலியா, ஏமன், வட கொரியா ஆகியவற்றுக்கு 2011 மார்ச் 1-லிருந்து கணக்கு. கம்பெனி வேலையாக இராக் போய்வந்த இன்ஜினியர்களும் இதில் மாட்டுகிறார்கள்.

இதற்கு எஸ்டாவுக்குள் திருத்தம் கிடையாது. 'இல்லை' என்று மாற்றி இன்னொரு விண்ணப்பம் போடலாமா என்று மெதுவாகக் கேட்பார்கள். கூடவே கூடாது. பொய் சொன்னதாகப் பதிவானால் பிறகு விசாவும் கேள்விக்குறியாகும். நேராக சுற்றுலா விசாவுக்குப் போங்கள்: கட்டணம் 185 டாலர், தூதரகத்திலோ துணைத் தூதரகத்திலோ நேர்காணல், அதற்கு முன்பதிவு. பல வாரம் ஆகலாம் என்று வைத்துக்கொண்டே தேதியைத் திட்டமிடுங்கள். இந்த நாடுகளுக்குப் போயிருப்பது குற்றமில்லை, இந்த வழி மட்டும் அடைபட்டிருக்கிறது. இதைச் சொன்னால் பலரின் முகம் தெளிகிறது.

நம் குடும்பங்களுக்கு இன்னொரு வார்த்தை. மனைவிக்கும் குழந்தைக்கும் எஸ்டா சில நிமிடங்களில் கிடைத்துவிடும். இந்திய, இலங்கை பாஸ்போர்ட் வைத்திருக்கும் கணவருக்கு எஸ்டாவே கிடையாது, ஜப்பானில் நிரந்தரமாகத் தங்கும் உரிமை இருந்தாலும். அவருடைய விசா கைக்கு வந்த பிறகு குடும்பத்துக்கு டிக்கெட் எடுங்கள். கைக்குழந்தைக்கும் தனி எஸ்டா வேண்டும்.

எனக்கு இது தேவையா, இல்லையா?

குவாமுக்கும் சைப்பானுக்கும் 45 நாள் வரை எஸ்டா இல்லாமல் போகலாம். தனியாக ஒரு இலவச இணைய அனுமதி இருக்கிறது, முன்பு விமானத்தில் நிரப்பிய காகிதத்துக்குப் பதிலாக 2024 நவம்பர் கடைசியில் கட்டாயமானது. ஹவாய் வழியாகப் போனால் எஸ்டா வேண்டும். லாஸ் ஏஞ்சலஸில் விமானம் மாறி மெக்சிகோ போகிறவருக்கும் வேண்டும். கனடா ஈடிஏ விமானத்தில் வருகிறவருக்கு மட்டும்தான். ஆனால் நயாகராவில் கனடாப் பக்கம் தங்கி, பாலத்தில் நடந்து அமெரிக்கப் பக்கம் போய்ப் பார்க்க நினைப்பவருக்கு எஸ்டா வேண்டும். 2022 அக்டோபரிலிருந்து தரைவழிக்கும் கட்டாயம். தென் கொரியா 2023 ஏப்ரலில் தன்னுடைய இணைய அனுமதியிலிருந்து ஜப்பானியருக்குத் தற்காலிக விலக்கு கொடுத்து, அதை நீட்டி வந்திருக்கிறது. டிக்கெட் எடுக்கும்போது விலக்கு நடப்பில் இருக்கிறதா என்று பாருங்கள், தேவையில்லாமல் 10,000 வோன் கட்ட வேண்டாம். ஐரோப்பாவின் எட்டியாஸ் என்ற இதே மாதிரி அனுமதி 2026-இன் கடைசிக் காலாண்டில் தொடங்கும் என்று அறிவித்திருக்கிறார்கள், கட்டணம் 20 யூரோ. தொடங்குவதற்கு முன்பே அதற்கு யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

அனுமதி கிடைத்துவிட்டது, ஆனால் விமான நிலையக் கவுண்டரில் "இல்லை" என்கிறார்கள்

ஒரு ஓபோன் சமயம், மாலை ஆறு மணிக்கு நரிதாவிலிருந்து போன். எங்களிடம் டிக்கெட் எடுத்த, எழுபது தாண்டிய தம்பதி. மனைவிக்கு போர்டிங் பாஸ் வந்துவிட்டது, கணவருக்கு வரவில்லை. "எஸ்டா தாள் கையில் இருக்கிறது, தேதியும் இன்னும் ஏழு மாதம் இருக்கிறது" என்கிறார். குரல் நடுங்குகிறது. பாஸ்போர்ட் எப்போது வாங்கியது என்று கேட்டேன். மே மாதம் புதுப்பித்தாராம். தாளில் இருப்பது பழைய எண். பழைய பாஸ்போர்ட்டும் துளை போட்டு அவரிடமே இருந்தது. புதியது, பழையது, தாள் மூன்றையும் ஒரே கிளியர் ஃபைலில் ஒழுங்காக அடுக்கி வைத்திருந்தார். எஸ்டா ஒட்டியிருப்பது ஆளோடு இல்லை, பாஸ்போர்ட் எண்ணோடு. எண் மாறினால் மீதி மாதங்களுக்கு மதிப்பில்லை. தவறு எங்களுடையதும்தான். டிக்கெட் கொடுத்தபோது பாஸ்போர்ட் எப்போது வாங்கியது என்று நாங்கள் கேட்கவில்லை.

கவுண்டரில் அப்படி நின்றுவிட்டால் செய்ய வேண்டியது இது. முதலில் ஊழியரிடம் திரையில் உள்ள பாஸ்போர்ட் எண்ணையும் காலாவதித் தேதியையும் படிக்கச் சொல்லுங்கள். பல நேரம் டிக்கெட் பதிவில் பழைய எண் கிடக்கும். பாஸ்போர்ட்டைக் கருவியில் மறுபடி படிக்க வைத்தால் சரியாகிவிடும். அடுத்து எஸ்டா தளத்தில் புதிய எண்ணைப் போட்டுத் தேடுங்கள். அங்கேயும் இல்லையென்றால் அங்கேயே போனில் புதிய விண்ணப்பம். வரிசையை விட்டு விலகி, உட்கார இடம் பார்த்து, ஒருவர் படிக்க ஒருவர் அடியுங்கள். கவுண்டர் எத்தனை மணிக்கு மூடும் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சாமானை ஏற்றி அனுப்பிவிட வேண்டாம். உடனே அனுமதி வரும் என்று யாரும் உறுதி தர முடியாது, ஆகவே அடுத்த விமானத்துக்கு மாற்ற எவ்வளவு ஆகும் என்பதையும் கூடவே கேளுங்கள்.

அன்று அந்த அம்மா தூணோரம் பெட்டியின் மேல் உட்கார்ந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பாஸ்போர்ட்டின் அடிவரியை ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். அவர் கணவர் அடித்தார். நான் இந்தப் பக்கம் போனைக் காதில் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். நாற்பது நிமிடத்தில் அனுமதி வந்தது, கவுண்டர் மூடப் பன்னிரண்டு நிமிடம் இருந்தது.